தர, வர, சேர

நிமலினி: …அவர் வர இன்னும் ஒரு மணித்தியாலம் ஆகும் தம்பி. கைக்குப் பயிற்சி குடுக்கிற இடத்துக்குப் போயிட்டார். கஜானன் வந்து நிக்கிறார் எண்டு போன் பண்ணிச் சொல்லட்டோ?

கஜானன்: வேண்டாமக்கா. பிறேம் அண்ணை இல்லாத நேரமாப் பாத்துத்தான் வந்தனான்.

நிமலினி: ஏன்?

கஜானன்: உங்களோடைதான் ஒரு கதை இருக்கு.

நிமலினி: என்னோடையோ? உங்கடை கொக்குவில் ஒஃபிஸ் எந்தப் பக்கம் எண்டுகூட எனக்குத் தெரியாது. இருங்கோ… அந்தக் கதிரை ஆடும், இதிலை இருங்கோ. தேத்தண்ணி ஊத்திறன்.

கஜானன்: பிறகு ஊத்தலாம். முதல் ஒண்டு கேக்கிறன், கோவிக்கக்கூடாது. எங்கடை குழுவுக்குப் பொறுப்பு நான். அண்ணை எழுதிற புரோகிராம் எல்லாம் என்னட்டைத்தான் பார்வைக்கு வாறது.

நிமலினி: தெரியும். தன்னைவிட வயசு குறைவெண்டாலும் நிதானமான பெடியன் எண்டு இவர் சொல்லியிருக்கிறார்.

கஜானன்: ஒவ்வொரு மாத்தத்தையும் பதியேக்கை, என்ன செய்தனான் எண்டு கீழை ஒரு வரி எழுதோணும். அண்ணை வேலைக்குச் சேந்த நாளிலை இருந்து மூண்டு சொல்லுக்கு மேலை எழுதினதில்லை. 'பிழை திருத்தினது.' அவ்வளவுதான். தைப்பொங்கலுக்குப் பிறகு திடீரெண்டு முழு வசனமா வருது. கொமா, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் இருக்க வேண்டிய இடத்திலை இருக்கு.

நிமலினி: …வீட்டிலை இருந்து செய்யேக்கை நேரம் இருக்குந்தானே. ஆறுதலா எழுதுவார்.

கஜானன்: நானும் அப்பிடித்தான் நினைச்சனான். போன மாசம் ஒரு கூட்டம் வைச்சம். எல்லாரும் அவரவர் வீட்டிலை இருந்து. அண்ணை தன்ரை திரையைக் காட்டிக்கொண்டு விளங்கப்படுத்தினவர். அவர் கதைக்கிறார், அதே நேரம் எழுத்து ஓடுது.

நிமலினி: அதிலை என்ன?

கஜானன்: அண்ணைக்குக் கதைச்சுக்கொண்டு ரைப் பண்ண வராதக்கா. ஒஃபிசிலை நான் அவருக்குப் பக்கத்துக் கதிரை. ஒரு வசனம் சொல்லுவார், நிப்பாட்டுவார், அடிப்பார், பிறகு மற்ற வசனம். அதோடை அந்தத் திரையிலை 'தர' எண்டு ஒரு சொல்லு அடிபட்டுது. பிறகு 'வர'. பிறகு 'தடவ'. இங்கிலிசு எழுத்திலை தமிழ்ச் சொல்லு. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. ஆர் அண்ணை உங்களுக்கு உதைச் செய்து தந்தது எண்டு கேக்க நினைச்சுப்போட்டு விட்டிட்டன்.

நிமலினி: கஜானன்… நீங்கள் ஒஃபிசுக்காகக் கேக்கிறீங்களோ, உங்களுக்காகக் கேக்கிறீங்களோ?

கஜானன்: எனக்காகத்தான்.

நிமலினி: நான் சொன்னால் இவற்றை வேலை போகுமோ?

கஜானன்: அதுக்கு என்னாலை உறுதி சொல்லேலாது. எண்டாலும் நீங்கள் சொல்லாமல் விட்டா, என்னாலை ஒண்டும் செய்யவும் ஏலாது.

நிமலினி: …ஓம். நான்தான் அடிக்கிறனான்.

கஜானன்: எப்ப தொடக்கம்?

நிமலினி: ரெண்டரை மாசம். ஒவ்வொரு எழுத்தும்.

கஜானன்: கை முறிஞ்சு மூண்டாம் கிழமை, 'இப்ப சுகம், வீட்டிலை இருந்து வேலை செய்யிறன்' எண்டு அண்ணை மெயில் போட்டவரே…

நிமலினி: அதையும் நான்தான் அடிச்சனான். மருதனார்மடத்துச் சந்தியிலை ஒரு மாடு குறுக்கை வர மோட்டச்சைக்கிளைப் பக்கத்துக்கு வெட்டி விழுந்தவர். தோளுக்கும் முழங்கைக்கும் இடையிலை எலும்பு முறிஞ்சுது. அது பொருந்தியிட்டுது. அதுக்குப் பக்கத்தாலை போற நரம்புதான் பிரச்சினை. வலக்கை மணிக்கட்டோடை அப்பிடியே தொங்குது. விரலைத் தூக்கேலாது.

கஜானன்: அதை எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே அக்கா. ஆரும் வேண்டாமெண்டு சொல்லியிருப்பினமோ?

நிமலினி: சொல்லுவம் எண்டு நானும் கேட்டனான். வேலைக்குச் சேந்து ஐஞ்சு மாசம்தான், நிரந்தரம் ஆக்கின கடிதம் இன்னும் வரேல்லை, இந்த நேரம் கையில்லாதவன் எண்டு எப்பிடிப் போய் நிக்கிறது எண்டார். கையில்லாதவன் எண்டு அவர் சொன்னது எனக்குப் பிடிக்கேல்லை. கை வரும்வரைக்கும் நான் அடிச்சுத் தாறன் எண்டு சொன்னன்.

கஜானன்: உங்களுக்கு ரைப்பிங் தெரியுமோ?

நிமலினி: கலியாணத்துக்கு முதல் சுன்னாகத்திலை ஒரு நொத்தாரிசிட்டை நாலு வருசம் காணி உறுதிப் பத்திரம் அடிச்சனான். தமிழும் இங்கிலிசும். ஒரு கொமா பிழைச்சாலும் முழுத்தாளையும் திருப்பி அடிக்கச் சொல்லுவார் அந்த மனுசன்.

கஜானன்: …அதுதான் அந்த அரைப்புள்ளி.

நிமலினி: இவர் 'பிழை திருத்தினது எண்டு போடும்' எண்டுவார். என்ன பிழை, ஏன் வந்தது எண்டு கேப்பன். விளங்கப்படுத்துவார். அதை எழுதுவன். எனக்கு விளங்காமல் ஒண்டையும் அடிச்சுப் பழக்கமில்லை.

கஜானன்: முதல் நாளே எல்லாம் சரியா வந்ததோ?

நிமலினி: எங்கை… இவர் பக்கத்திலை இருந்து, 'கிற், ஸ்பேஸ், அட், ஸ்பேஸ், டொட்' எண்டார். நான் ஸ்பேஸ் எண்ட சொல்லையும் எழுத்தெழுத்தா அடிச்சன். டொட் எண்டதையும் அடிச்சன்.

கஜானன்: ஐயோ… அதுக்கு அது என்ன சொல்லிச்சுது?

நிமலினி: உப்பிடி ஒண்டு எனக்குத் தெரியாது எண்டு நாலு வரியிலை மறுமொழி சொல்லிச்சுது. இவர் திரையைப் பாத்தார், என்னைப் பாத்தார், சிரிக்கத் தொடங்கியிட்டார். நெஞ்சோடை சேத்துக் கட்டின கை, குலுங்கக் குலுங்க நோகுது, எண்டாலும் சிரிப்பு நிக்கேல்லை. ஆஸ்பத்திரியாலை வந்து அண்டைக்குத்தான் முதல் சிரிச்சவர். பிழை விட்டது நல்லதாப் போச்செண்டு இருந்தது எனக்கு.

கஜானன்: கிற் எண்டா என்னெண்டு கேட்டீங்களோ?

நிமலினி: கேக்காமல் விடுவனோ? பத்துப்பேர் சேந்து ஒரு புத்தகம் எழுதினம் எண்டு நினையும் எண்டார். ஒரு பொது அலுமாரியிலை புத்தகம் இருக்கு. அவரவர் ஒரு பிரதியை வீட்டை கொண்டுபோய் எழுதுகினம், எழுதினதைத் திருப்பி அலுமாரியிலை வைக்கினம். ஆர் எந்த வரியை எப்ப மாத்தினது எண்டு முழுக்க அதிலை இருக்கும், பிழைச்சா பழையபடி போகலாம், அதுதான் கிற் எண்டார். காணி ஆரிட்டை இருந்து ஆருக்குக் கைமாறினது எண்டு பதியிற தோம்பு மாதிரி எண்டு நான் சொன்னன். சரியாப் பிடிச்சிட்டீர் எண்டார்.

கஜானன்: நான் புதுசா வாற பெடியளுக்கு உதை ரெண்டு நாள் படிப்பிக்கிறனான்.

நிமலினி: விளங்கினது லேசு. அடிக்கிறதுதான் கரைச்சல். ஒரு நாளைக்கு நாப்பது ஐம்பது தரம் அதே நீட்டு வரி. அலுமாரியிலை இருந்து எடுக்க ஒரு வரி, வைக்க ஒரு வரி, எதை மாத்தினம் எண்டு பாக்க ஒரு வரி. இவர் ஒவ்வொரு எழுத்தாச் சொல்லோணும். மூண்டாம் நாள் ரெண்டு பேருக்கும் சண்டை. நீர் கெதியா அடிக்கிறீர் இல்லை எண்டார். நீங்கள் தெளிவாச் சொல்லிறியள் இல்லை எண்டன்.

கஜானன்: அண்ணையிட்டைச் சுருக்கச் சொல்லுகள் இருந்ததே. ஜி பீ எண்டா அலுமாரியிலை வைக்கிறது, ஜி எல் எண்டா நடந்ததெல்லாம் பாக்கிறது… ரெண்டு ரெண்டு எழுத்து. நாங்கள் எல்லாரும் அப்பிடி ஏதாவது வைச்சிருக்கிறம். அந்த நீட்டு வரியை ஆரும் முழுசா அடிக்கிறேல்லை.

நிமலினி: அதையும் கேட்டன். ஜி பீ எண்டா முழுசா என்ன எண்டு கேட்டன். யோசிச்சார். திருப்பி யோசிச்சார். வலக்கையைக் குனிஞ்சு பாத்தார். எனக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும் எண்டு சொல்லிப்போட்டு மற்றப்பக்கம் திரும்பியிட்டார். ஏன் கேட்டன் எண்டு ஆகியிட்டுது. அண்டைக்குப் பின்னேரம் முழுக்க அவர் மெசினை மூடி வைச்சிட்டார்.

கஜானன்: பிறகு?

நிமலினி: அடுத்தநாள் விடிய நான் ஒரு கொப்பி எடுத்தன். ஒரு சொல்லைச் சொல்லிவைச்சா, அதை அடிக்கேக்கை மெசின் அந்த நீட்டு வரியைத் தானே எடுத்துக்கொள்ளும் எண்டு தெரிஞ்சுபோச்சுத்தானே. எந்தச் சொல்லு எதுக்கு எண்டு நான் எழுதினன். எங்கை பதியோணும் எண்டு இவர் காட்டினார். அலுமாரியிலை வைக்கிறதுக்கு 'தர'. மற்றவை எழுதினதை எடுக்கிறதுக்கு 'வர'. என்ரை மாத்தத்தைச் சேர்க்கிறதுக்கு 'சேர'. தனியா வேறை பிரதி எடுக்க 'வேற'. எழுதினது வேண்டாமெண்டு எறியிறதுக்கு 'வெட்ட'.

கஜானன்: 'தடவ'?

நிமலினி: என்ன எங்கை கிடக்கெண்டு பாக்கிறது. இருட்டுக்கை தடவிற மாதிரி.

கஜானன்: நல்லாத்தான் இருக்கு. எண்டாலும் அக்கா, ரெண்டெழுத்திலை முடியிறதை ஏன் நாலெழுத்து, ஆறெழுத்து ஆக்கினீங்கள்? பாவனைக்கு அது நீளமெல்லோ?

நிமலினி: …எனக்கு ஞாபகம் வைக்க லேசு. அவ்வளவுதான்.

கஜானன்: சரி. லவீனாவின்ரை விசயம்… அதையும் கேக்கத்தான் வேணும்.

நிமலினி: கேப்பீங்கள் எண்டு தெரியும்.

கஜானன்: லவீனாவும் அண்ணையும் ஒரே பிரதியிலை வேலை செய்தவை. பங்குனி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, அவள் ரெண்டு நாளா எழுதி வைச்சதெல்லாம் அலுமாரியிலை இல்லை. அண்ணையின்ரை மட்டும்தான் இருக்கு. அவளுக்கு அண்டைக்குத்தான் புது லப்ரொப் குடுத்தது, கையிலை ஒண்டும் இல்லை. பிள்ளை அழுதிட்டாள். கூட்டத்திலை, பிழை என்ரை எண்டு அண்ணை சொன்னவர்.

நிமலினி: பிழை அவற்றை இல்லை.

கஜானன்: நீங்கள் தெரியாமல்…

நிமலினி: தெரியாமல்தான். எண்டாலும் செய்தது நான். ஒரு நாள் நாங்கள் வைக்கப்போக, இடமில்லை எண்டு அலுமாரி மறுத்துது. அண்டைக்கு எங்கடை பிரதியிலை எங்களைத் தவிர ஆரும் இல்லை, அங்கை கிடந்தது நாங்களே வைச்ச பழசுதான். அதாலை இவர் வரியின்ரை கடைசியிலை ஒரு சொல்லுச் சேர்க்கச் சொன்னார். என்ன மறுப்பெண்டாலும் கேளாமல் வை எண்ட சொல்லு. உடனை ஏறிச்சுது. எனக்கு அது பெரிய சந்தோசமாப் போச்சு. அந்தச் சொல்லோடை சேத்தே 'தர'வைப் பதிஞ்சு வைச்சிட்டன்.

கஜானன்: அண்ணைக்குச் சொல்லாமலோ?

நிமலினி: சொல்லேல்லை. இனி மறுக்காதுதானே, இவருக்கு ஒரு கரைச்சல் குறைஞ்சுது எண்டு நினைச்சன். மறுக்கிறது ஏனெண்டா அங்கை வேறை ஒருத்தற்றை வேலை இருக்கலாம் எண்டதாலை எண்டு எனக்குத் தெரியாது. பிறகு லவீனா வந்து அதே பிரதியிலை சேந்தவ. நான் ஒவ்வொரு தரமும் 'தர' எண்டு அடிக்கேக்கை அவவின்ரையைத் தூக்கி எறிஞ்சு எறிஞ்சு எங்கடையை வைச்சிருக்கிறன்.

கஜானன்: பழைய லப்ரொப்பை அழிக்கிறதுக்கு முதல் தேடிப் பிடிச்சிட்டம். அரை நாளிலை எல்லாம் வந்திட்டுது.

நிமலினி: வந்தது தெரியும். அந்த அரை நாள் நான் இந்த மேசைக்குப் பக்கத்திலை நிண்டன். கூட்டத்திலை லவீனா அழுற சத்தம் இஞ்சை கேக்குது. நான்தான் செய்தது எண்டு சொல்லுங்கோ எண்டு இவரிட்டைக் கையைக் காட்டினன். இவர் என்னைப் பாக்காமலே, பிழை என்ரை, கவனிக்காமல் விட்டிட்டன், மன்னிக்கோணும் தங்கச்சி எண்டார். ஒரு மூச்சிலை. பிறகு எல்லாத்தையும் மூடிப்போட்டு, வாரும், அந்தச் சொல்லை எடுப்பம் எண்டார். அவ்வளவுதான். என்னை ஒரு வார்த்தை ஏசேல்லை.

கஜானன்: ரெண்டு கிழமை லவீனா அண்ணையோடை கதைக்கேல்லை. நானும் அவருக்குக் கடுமையா ஒரு மெயில் எழுதினனான்.

நிமலினி: வாசிச்சுக் காட்டினதே நான்தான். தம்பி, லவீனாவின்ரை நம்பரைத் தாங்கோ. அவவுக்கு நானே சொல்லவேணும்.

கஜானன்: தாறன். அவள் கோவிக்கமாட்டாள். …அக்கா, வியாழக்கிழமை அண்ணை எங்கை போனவர்?

நிமலினி: பயிற்சிக்குத்தான். கிழமையிலை மூண்டு நாள். ஏன்?

கஜானன்: ஒஃபிசுக்கு வந்தவர். பஸ்ஸிலை. வலக்கையைக் காற்சட்டைப் பொக்கற்றுக்கை விட்டுக்கொண்டு வந்தவர்.

நிமலினி: என்னட்டைச் சொல்லேல்லையே.

கஜானன்: நமசிவாயம் சேரைக் கேட்டவர். கொம்பனி அவற்றைதானே, அவரிட்டைத்தான் குடுக்கோணும் எண்டு ஒரு கடிதம் கொண்டுவந்தவர். சேர் அப்ப ஒஃபிசிலை இல்லை. அண்ணை என்னைக் கூப்பிட்டு, எழுத்துப் பிழை இருக்கோ பாரும் எண்டு தந்தவர். இடக்கையாலை தனிய அடிச்சதாம்.

நிமலினி: என்ன கடிதம்?

கஜானன்: வேலையை விடுறன் எண்டு. ரெண்டரை மாசமா அடிச்சது முழுக்க தன்ரை மனிசி எண்டும் எழுதியிருக்கு. உங்கடை வாயாலை கேக்கத்தான் இவ்வளவும் தெரியாத மாதிரிக் கேட்டனான். பிழை ஏதும் இருந்தால் அது தன்ரை எண்டும் இருக்கு. கடைசியிலை ஒரு வரி… தன்ரை இடத்தை உங்களுக்குத் தந்து பழக்கிப் பாருங்கோ எண்டு.

நிமலினி: எனக்கோ? என்னை ஒரு சொல்லுக் கேக்காமல் என்ரை பேரை எழுதினவரோ?

கஜானன்: கெட்டித்தனமான ஆள், ரெண்டு மாசத்திலை இவ்வளவும் பிடிச்சிட்டா எண்டு என்னட்டையும் சொன்னவர்.

நிமலினி: நான் பிடிச்சது அடிக்கிறதை. எதை அடிக்கிறது எண்டு நினைக்கிறது அவற்றை தலை. அதுக்கு ஒண்டும் நடக்கேல்லையே. நான் நாலு நாள் யோசிச்சாலும் வராத ஒண்டை அந்த மனுசன் முகம் கழுவிக்கொண்டு வரேக்கை சொல்லுவார். நான் ஏன் அவற்றை கதிரையிலை போய் இருக்கிறன்?

கஜானன்: அதைத்தான் நானும் சொன்னன். கேக்கிற மாதிரி இல்லை. பொறுத்துப் பாருங்கோ, கை சுகம் வந்தாப் பிறகு யோசிக்கலாம் எண்டன். அதுக்கு அவர்…

நிமலினி: அதுக்கு?

கஜானன்: ஒண்டுமில்லை. …கைக்கு டொக்டர் என்ன சொல்லுறார் அக்கா?

நிமலினி: கொஞ்சம் கொஞ்சமா வருமாம். ஒழுங்காப் பயிற்சி செய்தால்.

கஜானன்: ஓம்… வரும்.

நிமலினி: தம்பி, நீங்கள் ஏன் யன்னலைப் பாத்துக்கொண்டு சொல்லுறீங்கள்?

கஜானன்: இல்லையே.

நிமலினி: கை இனி வராது எண்டு உங்களுக்குச் சொன்னவரோ?

கஜானன்: …என்னட்டைச் சத்தியம் வாங்கினவர் அக்கா. செவ்வாய்க்கிழமைதான் டொக்டர் தன்னட்டைச் சொன்னதாம். நிமலினிக்கு இப்ப தெரிய வேண்டாம், தாங்கமாட்டா எண்டு… உங்களுக்கு எப்பிடி?

நிமலினி: அவற்றை ஒப்பரேசன் முடிஞ்ச மற்றநாளே எனக்குத் தெரியும்.

கஜானன்: மூண்டு மாசமோ?

நிமலினி: வாட்டுக்கு வெளியிலை கூப்பிட்டுத்தான் டொக்டர் சொன்னவர். நரம்பு நசிபடேல்லை, கிழிஞ்சுபோச்சு. கையைத் தூக்கலாம், மடக்கலாம், விரல் பழையபடி வேலை செய்யாது எண்டு. எலும்பு பொருந்துமட்டும் இவருக்குச் சொல்லாதையுங்கோ எண்டு நான்தான் கேட்டனான். அப்ப சொன்னால் உடைஞ்சுபோவார் எண்டு பயம். பிறகு… சொல்லுற நாள் வரவேயில்லை.

கஜானன்: செவ்வாய்க்கிழமை வீட்டை வந்தும் அவர் ஒண்டும் சொல்லேல்லையோ?

நிமலினி: சுன்னாகத்திலை இறங்கி எனக்கு றோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தவர். டொக்டர் நல்ல முன்னேற்றம் எண்டு சொன்னதாம். ஓம், எனக்கும் அப்பிடித்தான் தெரியுது எண்டு நானும் சொன்னன். ரெண்டு பேரும் இருந்து சாப்பிட்டம். அவர் அரை றோல்ஸை வைச்சிட்டார். விசயம் தெரிஞ்சிட்டுது எண்டு அப்பவே எனக்கு விளங்கிச்சுது.

கஜானன்: அப்ப, கை வராது எண்டு தெரிஞ்சுதான் அவருக்காக அடிச்சுக்கொண்டு இருந்தீங்கள். எத்தினை நாளைக்கெண்டு அக்கா?

நிமலினி: அவர் தானா அடிக்குமட்டும்.

கஜானன்: தானாவோ?

நிமலினி: இஞ்சை வாங்கோ, இந்த மெசினுக்கு முன்னாலை இருங்கோ. வலக்கையை மடியிலை வையுங்கோ. ம்… இப்ப 'தர' எண்டு அடியுங்கோ.

கஜானன்: ரீ… ஏ… ஆர்… ஏ.

நிமலினி: 'வர'.

கஜானன்: வீ… ஏ… பொறுங்கோ. 'சேர'வுக்கு எஸ், ஈ, ஆர், ஏ. 'வெட்ட'… அக்கா, எல்லா எழுத்தும் இடப்பக்கத்திலை இருக்கு.

நிமலினி: ஜி பீயிலை பீ எங்கை இருக்கு?

கஜானன்: வலப்பக்கக் கரையிலை. எல்லும் அங்கைதான்.

நிமலினி: அவர் மற்றப்பக்கம் திரும்பின அண்டைக்குப் பிறகு, இடக்கை எழுத்து பதினைஞ்சையும் கொப்பியிலை எழுதி வைச்சுக்கொண்டு சொல்லுத் தேடினனான். எனக்கு ரெண்டு கையும் இருக்குது தம்பி, எனக்கு எந்தச் சொல்லெண்டாலும் ஒண்டுதான். நேரை சொன்னால் வேண்டாமெண்டு எறிஞ்சிருப்பார். இடையிலை தலையிடி எண்டு எழும்பிப்போவன், தானே அடிச்சுப் பாக்கட்டும் எண்டு. போன கிழமை நான் குசினிக்கை நிக்க, தானே இடக்கையாலை 'தடவ' எண்டு அடிச்சுப் பாத்திருக்கிறார். பிறகு 'வர' எண்டும் அடிச்சவர். நான் கண்டும் காணாத மாதிரி வெங்காயம் உரிச்சுக்கொண்டு நிண்டனான்.

கஜானன்: அவருக்கு இன்னும் விளங்கேல்லை?

நிமலினி: இல்லையெண்டுதான் நினைக்கிறன். அடிச்சு முடிய அமத்திற என்ரர் பட்டன் ஒண்டுதான் எட்டத்திலை கிடக்கு. அதுக்கு மட்டும் இடக்கையை முழுக்கத் தூக்கி அங்காலை கொண்டுபோறார். அதுக்கு என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை.

கஜானன்: அதை இஞ்சாலை கொண்டுவரலாம். இடப்பக்கக் கரையிலை கப்ஸ் லொக் சும்மாதானே கிடக்கு. அதை என்ரர் ஆக்கிவிட்டாச் சரி. ஐஞ்சு நிமிச வேலை.

நிமலினி: இப்ப செய்யலாமோ? அவர் வாறதுக்கு முதல்?

கஜானன்: பொறுங்கோ… இதுக்கை போய்… இந்தா. அடிச்சுப் பாருங்கோ. இடக்கையாலை மட்டும்.

நிமலினி: வீ, ஏ, ஆர், ஏ… ஓம். போகுது. கையை எடுக்காமலே போகுது.

கஜானன்: அண்ணை புரோகிராமை முழுக்க அடிக்கோணும் எண்டில்லை அக்கா. மற்றவை எழுதினதை வாசிச்சுப் பிழை பிடிக்கவும், எப்பிடிச் செய்யிறது எண்டு வழி சொல்லவும்தான் எனக்கு ஆள் இல்லை. அதுக்குக் குறைய அடிச்சாக் காணும். சேரிட்டை நான் கதைக்கிறன். மறைச்சதுக்கு அவர் கோவிக்கத்தான் செய்வார், அதையும் அண்ணை கேக்கத்தான் வேணும். எண்டாலும் ஆளை விடமாட்டார்.

நிமலினி: அதுக்கு முதல் நாங்கள் ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லவேணும். இண்டைக்கே சொல்லுவன். றோல்ஸ் ஒண்டும் இல்லாமல்.

கஜானன்: சொல்லுங்கோ. நான் சத்தியத்தை முறிச்சனான் எண்டும் சொல்லுங்கோ.

நிமலினி: நீங்கள் ஒண்டும் முறிக்கேல்லை, நானாத்தான் கேட்டனான். …ஆனா தம்பி, கடிதம் போயிட்டுதே. நமசிவாயம் சேர் அதை வாசிச்சிட்டார் எண்டால் பிறகு நீங்கள் கதைச்சு என்ன?

கஜானன்: சேர் கொழும்புக்குப் போனவர். திங்கட்கிழமைதான் வருவார்.

நிமலினி: அப்ப மேசையிலைதான் கிடக்குமோ? இவர் கையெழுத்து வைச்ச கடிதம்… நான் வந்து கேட்டால் தருவினமோ? சேர் வாறதுக்கு முதல் அதை எப்பிடியாவது திருப்பி வாங்கேலாதோ?

கஜானன்: குடுத்தாத்தானே அக்கா, திருப்பி வாங்கிறதுக்கு? வியாழக்கிழமையிலை இருந்து அது என்ரை பையுக்கைதான் கிடக்கு.